கல்லாவை நிரப்பும் வில்லன்

ஆர்கேட் பெட்டியின் கணக்கு எளிமையானது. ஒரு நாணயத்துக்கு ஓர் ஆட்டம். ஆடுபவர் எவ்வளவு சீக்கிரம் தோற்கிறாரோ, அவ்வளவு சீக்கிரம் அடுத்த நாணயம் விழும். ஆனால் ஒரேயடியாகத் தோற்கடித்தால் கோபித்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விடுவார். தோற்காமலே ஆடிக்கொண்டிருந்தாலோ பின்னால் நிற்கிறவர் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவே, 'இன்னும் ஒரு தடவை ஆடினால் ஜெயித்துவிடலாம்' என்று தோன்றுகிற இடமாகப் பார்த்து ஆளை வீழ்த்த வேண்டும். அந்த வேலையைச் செய்பவன் வில்லன். 1982 ஜனவரியில் வீடியோ கேம் மோகத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கிய டைம் இதழ், முந்தைய ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் இந்தப் பெட்டிகளுக்குள் 2000 கோடி கால் டாலர் நாணயங்கள் விழுந்ததாகக் கணக்கிட்டது. ஆடுபவர் தோற்றால்தான் அடுத்த காசு என்பதால், அந்த 500 கோடி டாலரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வில்லன்கள்தான் என்று சொல்லலாம். பதக்கமும் கைதட்டலும் நாயகர்களுக்குப் போயின.

டிஸ்னி நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'ரெக்-இட் ரால்ஃப்' என்ற அனிமேஷன் படம் இந்த அநீதியிலிருந்துதான் தொடங்குகிறது. வீடியோ கேம் பாத்திரங்களைப் பற்றி ஒரு படம் எடுக்கும் யோசனை டிஸ்னியில் 1980களின் இறுதியிலேயே இருந்தது. 'ஹை ஸ்கோர்', பிறகு 'ஜோ ஜம்ப்' என்று பெயர் மாறி மாறிக் கிடப்பில் கிடந்தது. 'தி சிம்ப்ஸன்ஸ்', 'ஃபியூச்சுராமா' தொடர்களை இயக்கிப் பழகிய ரிச் மூர் கைக்கு வந்த பிறகுதான் அது உருப்பெற்றது. ஃபில் ஜான்ஸ்டனும் ஜெனிஃபர் லீயும் திரைக்கதை எழுதினார்கள். ஜெனிஃபர் லீ அடுத்த ஆண்டே 'ஃப்ரோஸன்' படத்தின் இணை இயக்குநரானார். 16.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனி விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. ஆஸ்கரில் பிக்ஸாரின் 'பிரேவ்' படத்திடம் தோற்றது. இதையெல்லாம் குழந்தைகள் படத்தின் வெற்றிக்கதை என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் இந்தப் படத்துக்குள் உழைப்பு, குடியிருப்பு, வேலையிழப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு விவாதம் நடக்கிறது. பாதி விவாதம் என்று சொல்வது பொருத்தம். மறுபாதியைப் படம் பேசத் தொடங்கிவிட்டு விலகிக்கொள்கிறது.

கதை லிட்வாக் என்பவரின் ஆர்கேட் கடையில் நடக்கிறது. இரவு கடை சாத்தியதும் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு வேலை முடிகிறது. மின்கம்பிகளின் வழியே ரயிலேறி, எல்லாப் பெட்டிகளும் செருகியிருக்கும் பிளக் பலகைக்கு வருகிறார்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் போல அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து யாரும் யாருடைய ஆட்டத்துக்கும் போய் வரலாம். ஒன்பது அடி உயரமும் 643 பவுண்டு எடையும் கொண்ட ரால்ஃப், 'ஃபிக்ஸ்-இட் ஃபீலிக்ஸ் ஜூனியர்' என்ற 1982ஆம் ஆண்டு ஆட்டத்தின் வில்லன். அடுக்குமாடிக் கட்டடத்தின் ஜன்னல்களை உடைப்பது அவன் வேலை. ஃபீலிக்ஸ் தங்கச் சுத்தியலால் அவற்றைச் சரிசெய்வான். ஆட்டம் முடிந்தால் ஃபீலிக்ஸுக்குப் பதக்கம். ரால்ஃபைக் குடியிருப்பவர்கள் ஒன்றுகூடித் தூக்கி மொட்டை மாடியிலிருந்து சேற்றில் எறிவார்கள். முப்பது வருடங்களாக இதேதான். முப்பதாம் ஆண்டு விழாவுக்கும் அவனுக்கு அழைப்பில்லை. அவனாகவே போகிறான், கேக்கை உடைக்கிறான், வீம்புக்கு ஒரு பந்தயத்தில் மாட்டுகிறான்: பதக்கம் வாங்கி வந்தால் உச்சி மாடி வீடு அவனுக்கு.

ரால்ஃப் பதக்கம் தேடி வேறோர் ஆட்டத்துக்குப் போன மறுநாள் காலை ஒரு சிறுமி நாணயம் போடுகிறாள். ஜன்னலை உடைக்க யாரும் வரவில்லை. ஃபீலிக்ஸுக்குச் சுத்தியலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிறுமி கடைக்காரரிடம் புகார் சொல்ல, பெட்டியின் மீது 'பழுது' அட்டை ஒட்டப்படுகிறது. நாயகன் இருக்கிறான், ஊர் மக்கள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது. ஆனால் ஆட்டம் இல்லை. உடைப்பவன் இல்லாத இடத்தில் பழுதுபார்ப்பவனுக்கும் பிழைப்பில்லை. ஒருநாள் வேலைநிறுத்தம் செய்வதைவிடச் சுருக்கமாக உழைப்பின் மதிப்பை நிரூபிக்க வழியில்லை என்பதைக் குழந்தைகளுக்கும் விளங்கும்படி சொல்லிவிடும் காட்சி இது. வேறெந்தத் தொழிற்சங்கப் படமும் இரண்டே நிமிடத்தில் இதைச் சாதித்ததாக எனக்கு நினைவில்லை.

ஃபீலிக்ஸின் ஆட்டம் கற்பனையானது. ஆனால் அதன் முன்மாதிரி எது என்பதில் ஐயமில்லை. 1981இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' ஆட்டத்தில் மேலே நின்று ஒரு கொரில்லா பீப்பாய்களை உருட்டிவிடும். கீழேயிருந்து ஒரு தச்சன் ஏறிவந்து பெண்ணை மீட்க வேண்டும். அந்த ஆட்டம் பிறந்த கதையே ஒரு நெருக்கடியின் கதை. 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தின் பெட்டிகள் சுமார் 2000 அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிவிட்டன. அவற்றுக்குள் வேறோர் ஆட்டத்தைப் பொருத்தி விற்றாக வேண்டும். அதுவரை எந்த ஆட்டத்தையும் தனித்து வடிவமைக்காத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் அந்த வேலை போனது. முதலில் அவர்கள் நினைத்தது பாப்பாய் கதையை. உரிமை கிடைக்கவில்லை. முரடன் புளூட்டோவின் இடத்தில் கொரில்லாவும், பாப்பாயின் இடத்தில் பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற தச்சனும் அமர்ந்தார்கள். மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்தது அழகுக்காக அல்ல. அத்தனை குறைவான புள்ளிகளில் வாயையும் அசையும் தலைமுடியையும் வரைய முடியாது என்பதற்காக. ஆக, நாற்காலிதான் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தான். மேலே நின்று எறிபவன் என்ற வேலைக்கு யாரை வேண்டுமானாலும் அமர்த்தலாம்.

அப்படித்தான் நடந்தது என்பதற்கு மறு ஆண்டே சான்று இருக்கிறது. 1982இல் வந்த 'டாங்கி காங் ஜூனியர்' ஆட்டத்தில் கூண்டில் அடைபட்டிருப்பது கொரில்லா. அடைத்து வைத்துச் சவுக்கோடு நிற்பவன் மாரியோ. அப்பாவை மீட்க ஏறிவருவது குட்டிக் கொரில்லா. நேற்றைய நாயகன் இன்று வில்லன்; அதுவும் ஒரே வருட இடைவெளியில். டிஸ்னி தன் கற்பனை ஆட்டத்துக்கு அதே 1982ஐயும் அதே 'ஜூனியர்' என்ற ஒட்டையும் கொடுத்திருக்கிறது. அறிந்தே செய்த குறும்பு என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வரலாறு தந்த துணிச்சல் படத்துக்கு வரவில்லை. அதில் யாரும் நாற்காலி மாறுவதில்லை.

படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம். ஃபீலிக்ஸ் ஆட்டம் தொடங்கும் முன் பெட்டியின் திரையில் ஒரு சிறு முன்கதை ஓடும். காட்டில் ஒரு வெட்டுமரக் கட்டையில் ரால்ஃப் குடியிருக்கிறான். புல்டோசர் வருகிறது. அவனையும் கட்டையையும் சேர்த்துக் குப்பைமேட்டுக்குத் தள்ளுகிறது. அதே இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. அதன் பிறகுதான் அவன் இடிக்க வருகிறான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முப்பது வருடங்களாக இந்தக் காட்சி ஓடியிருக்கிறது. ஆடவந்த பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். அவன் கோபக்காரன் என்பது மட்டுமே எல்லோர் மனதிலும் தங்கியது. எதற்காகக் கோபம் என்பது தங்கவில்லை. அவனுடைய நிலத்தில் கட்டிய வீட்டில் விருந்து நடக்கிறது. அவனோ ஊருக்கு வெளியே செங்கற்குவியலில் படுத்துறங்குகிறான். பிளக் பலகை நிலையத்தில் காவலுக்கு நிற்பவன் ரால்ஃபை மட்டும் விடாமல் நிறுத்தி விசாரிக்கிறான். 'தற்செயலாகத்தான் தேர்ந்தெடுத்தோம்' என்பது அவன் சொல்லும் காரணம். திரைக்கதையாசிரியர்கள் இந்த விவரங்களை அறியாமல் வைத்திருக்க முடியாது. ஆனால் ரால்ஃப் வாயால் ஒரு தடவைகூட 'என் இடம்' என்ற கோரிக்கை வருவதில்லை. அவன் கேட்பது கேக்கில் ஒரு துண்டு, ஒரு பதக்கம், பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி. நிலத்தின் பிரச்சினையாகத் தொடங்கியது மரியாதையின் பிரச்சினையாகச் சுருங்குகிறது.

வில்லன்களுக்கு மனசாட்சி உண்டா என்ற கேள்வியைப் படம் நகைச்சுவையாகக் கையாளுகிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் பாணியில், வில்லன்கள் வாராவாரம் கூடி ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்திக்கொள்கிறார்கள். கூட்டம் நடக்கும் இடம் 'பேக்-மேன்' ஆட்டத்தின் நடுவேயுள்ள பேய்க்கூண்டு. நடத்துபவர் கிளைட் என்ற ஆரஞ்சு நிறப் பேய். ஏன் கிளைட்? 1980இல் அந்த ஆட்டத்தை உருவாக்கிய தோரு இவாதானி, நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்தினால் ஆட்டம் சலித்துவிடும் என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தைக் கொடுத்தார். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் தள்ளிக் குறிவைத்து மறிக்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் நீங்கள் போகும் திசையையும் சேர்த்துக் கணக்குப் போடும். கிளைட் மட்டும் வேறு ரகம். எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் இருக்கும்வரை உங்களை நோக்கி வருவான். நெருங்கியதும் பின்வாங்கித் திரையின் இடது கீழ்மூலைக்குப் போய்விடுவான்.

இந்தக் குணமெல்லாம் ஒவ்வொன்றும் சில வரி நிரல்தான். ஆனால் ஆடுபவர்களுக்கு அது கோழைத்தனமாக, கூச்சமாக, சில நேரம் கருணையாகக்கூடத் தெரிந்தது. வில்லன்களின் ஆறுதல் கூட்டத்தை நடத்தத் தகுதியானவன், துரத்தி வந்து தொடமுடியாமல் திரும்பிவிடும் பேய்தான் என்று தீர்மானித்தவர் உண்மையிலேயே அந்த ஆட்டத்தை ஆடியவராக இருக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பேயின் கதை இன்னும் சுவையானது. நீங்கள் மேல்நோக்கிப் போகும்போது அது நான்கு கட்டம் மேலே மட்டும் பார்ப்பதில்லை, நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளிப் பார்க்கும். இது யாரும் திட்டமிட்டதல்ல, நிரலில் நேர்ந்த பிழை. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பேயின் சுபாவமாகவே அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஸாங்கீஃபைப் பற்றி ரசிகர்கள் அப்போதே ஆட்சேபம் எழுப்பினார்கள். 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய எட்டு வீரர்களில் ஒருவன் அவன். கடைசியில் வரும் எதிரிகளில் ஒருவனல்ல. அவன் வில்லன் என்று ஆட்டத்தின் நிரலில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அவன் சோவியத் மல்யுத்த வீரன், மலைபோல் உடம்பு, சிவப்பு ஜட்டி. அமெரிக்கச் சிறுவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆட்சேபித்தவர்கள் சொன்னது சரியான தகவல். ஆனால் படத்தின் தேர்வு அதைவிடச் சரி என்பேன். செய்யாத குற்றத்துக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து, கெட்டவன் என்ற பட்டம் இருந்தால் கெட்ட மனிதன் என்று பொருளல்ல என்று ரால்ஃபுக்கு எடுத்துச்சொல்லும் தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

பிழைக்கு வருவோம். படத்தின் பெரும்பகுதி 'ஷுகர் ரஷ்' என்ற மிட்டாய் தேசத்துக் கார்ப் பந்தய ஆட்டத்தில் நடக்கிறது. அங்கே வனெலோப்பி என்ற சிறுமியின் உருவம் அவ்வப்போது துண்டு துண்டாகச் சிதறி மீண்டும் கூடும். நிரல்பிழை என்று சொல்லி அவளைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை. பிழை என்பதால் அவளால் ஆட்டத்தைவிட்டு வெளியேறவும் முடியாது. கிங் கேண்டி என்ற அரசன் ரால்ஃபிடம் வைக்கும் வாதம் கச்சிதமானது. அவள் பந்தயத்தில் ஓடினால் ஆடுபவர்கள் ஆட்டமே பழுதென்று நினைப்பார்கள், பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள், எல்லோரும் தப்பினாலும் அவளால் தப்ப முடியாது, ஆகவே அவள் நன்மைக்காகவே அவளைத் தடுக்க வேண்டும். ரால்ஃப் அதை நம்பி, தானே சேர்ந்து செய்துகொடுத்த அவளுடைய காரைத் தன் கையாலேயே உடைக்கிறான். விலக்கிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லும் தந்திரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய குழந்தைகள் படம் குறைவு.

பிறகு தெரியவருவது: அவளைப் பிழையாக்கியவனே அந்த அரசன்தான். வீடியோ கேமின் உண்மையான வரலாறு இங்கே படத்துக்குத் துணை நிற்கிறது. 1978இல் தோமோஹிரோ நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியபோது, சுட்டு வீழ்த்த வீழ்த்த எஞ்சிய எதிரிகள் வேகமெடுத்தார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலிக்குச் சுமை குறைந்தது, அவ்வளவுதான். அவர் அதைத் திருத்தாமல் விட்டார். இதயத் துடிப்பை ஏற்றும் அந்த வேகம்தான் ஆட்டத்தின் உயிரானது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தில் ஓர் அடியோடு அடுத்த அடியைத் தொடுக்கும் வித்தையும் எதிர்பாராமல் நேர்ந்த ஒன்று; இன்றைய சண்டை ஆட்டங்கள் முழுவதும் அதன்மேல் நிற்கின்றன. வனெலோப்பி தன் சிதறலையே பந்தயத்தில் ஆயுதமாக்கிக்கொள்வது, இதையெல்லாம் அறிந்தவர்களுக்கு உண்மைக்கு மிக அருகிலிருக்கும் காட்சியாகப் படும்.

படத்தில் சாவு என்பது பிளக்கைப் பிடுங்குவது. 1982இல் வெளிவந்த 'க்யூபர்ட்' ஆட்டத்தின் ஆரஞ்சு நிற உருண்டை, வீடிழந்து நிலையத்தில் கையேந்தி நிற்பதை முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் சில ஆட்டங்களுக்கு நேர்ந்த முடிவு இதைவிட மோசம். கேப்காம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட ஒருவகை மின்சுற்றுப் பலகைகளில் நிரலைப் பூட்டி, அதன் சாவியை ஒரு சிறு பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கும் நினைவகத்தில் வைத்திருந்தது. திருட்டுப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். மின்சாரம் இருந்தும் பெட்டி செத்துப்போகும். பழுதுபார்ப்பவர்கள் அதற்குத் தற்கொலை பேட்டரி என்றே பெயர் வைத்தார்கள். ஸாங்கீஃப் இடம்பெற்ற பிந்தைய ஆட்டங்கள் சில இந்தப் பலகைகளில் வந்தவை. 1997இல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கிய, பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மேம் என்ற மென்பொருள் முயற்சியும், பூட்டை உடைத்த ஆர்வலர்களும் இல்லாவிட்டால் அவற்றில் பல இன்று இருந்திருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர்களில் பலர் செய்தது ஐயத்துக்குரிய வேலை. வில்லன்களைக் காப்பாற்றியவர்களும் ஒருவகையில் வில்லன்கள்தான்.

படத்தின் உருவாக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். ஃபீலிக்ஸின் குடியிருப்பில் உள்ளவர்கள் பழைய ஆட்டங்களைப் போல இடைநிலை அசைவுகளின்றி வெடுக்வெடுக்கென்று நகர்வார்கள். படையாட்ட உலகிலிருந்து வரும் சார்ஜென்ட் கால்ஹூனோ நிஜ மனுஷிபோல் நடப்பாள். இருவேறு தலைமுறைத் தொழில்நுட்பங்கள் ஒரே சட்டகத்தில் பேசிக்கொள்கின்றன. கலைஞர்கள் தங்கள் முன்னோர் வேலைக்குச் செலுத்திய மரியாதை அது, வசனத்தைவிட நன்றாக வந்திருக்கிறது.

இனி, படம் பேசத் தொடங்கி விலகிக்கொண்ட அந்த மறுபாதி விவாதம். பாத்திரங்கள் எல்லோரும் பயத்தோடு உச்சரிக்கும் பெயர் டர்போ. பழைய கார்ப் பந்தய ஆட்டத்தின் நாயகன். புதிய ஆட்டத்துக்குக் கூட்டம் போவதைப் பொறுக்காமல் அதற்குள் நுழைந்து, இரண்டு பெட்டிகளும் பிடுங்கப்படக் காரணமானவன். தன் ஆட்டத்தைவிட்டு வெளியேறுபவனுக்கு நேரும் கதிக்கு அவனே எச்சரிக்கை. ரால்ஃப் வெளியேறியதும் அவனையும் அந்தப் பெயரால்தான் தூற்றுகிறார்கள். பழசாகிப்போன தொழிலாளி வேறு வேலை தேடினால் அது துரோகம் என்ற விதியைப் படம் கடைசிவரை கேள்வி கேட்பதில்லை. கிங் கேண்டியே டர்போதான் என்று தெரிந்ததும் அவனை எரித்துவிட்டு நிம்மதியடைகிறது. உச்சக்கட்டத்தில் ரால்ஃப் உயிரைக் கொடுக்கத் துணிந்து சொல்லும் வாசகமும் வில்லன்கள் கூட்டத்தில் கற்ற உறுதிமொழிதான். நான் நானாகவே இருப்பேன், இதைவிட வேறு யாராகவும் இருக்க விரும்பவில்லை என்பதே அதன் சாரம். அந்த நேரத்தில் கண்கலங்காதவர் இருக்க முடியாது, நானும் விலக்கல்ல. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தால், ஒதுக்கப்பட்டவனிடம் ஒதுக்கப்பட்ட வேலையிலேயே நிறைவு காணச் சொல்லும் வாசகம் அது.

நடுவில் ஒரு காட்சி இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. பதக்கத்தோடு ரால்ஃப் திரும்பி வரும்போது கட்டடம் காலி. ஆட்டத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்று எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவனோடு பந்தயம் கட்டிய ஜீன் மட்டும் கடைசியாகக் கிளம்புகிறான், வாக்குப்படி உச்சி மாடியின் சாவியைக் கொடுத்துவிட்டு. மதிப்பெல்லாம் போன பிறகு வீடு கிடைக்கிறது. இந்தக் கசப்பை எழுதத் தெரிந்தவர்கள் முடிவில் ரால்ஃபைப் பழைய வேலைக்கே அனுப்புகிறார்கள். வேலை நிலைமை மேம்பட்டிருக்கிறது: கேக் வருகிறது, குடியிருப்பவர்கள் அன்பாகப் பேசுகிறார்கள், வீடிழந்த க்யூபர்ட் கூட்டத்துக்கு அவனே வீடு கட்டித் தருகிறான், அவர்களுக்கு ஃபீலிக்ஸ் ஆட்டத்தில் போனஸ் சுற்றும் கிடைக்கிறது. ஆனால் அவனை இன்னும் மாடியிலிருந்து சேற்றில் எறிகிறார்கள். அப்படித் தூக்கும் கணத்தில் எதிர்ப் பெட்டியிலுள்ள வனெலோப்பி தெரிவாள் என்பதால் அவனுக்கு அது பிடித்திருக்கிறதாம்.

2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் 'ஷுகர் ரஷ்' பெட்டியின் ஸ்டியரிங் உடைகிறது. மாற்று 200 டாலர். அந்தப் பெட்டி ஓராண்டில் சம்பாதிப்பதைவிட அது அதிகம் என்று லிட்வாக் கணக்குப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்குகிறார். முதல் பாகம் முழுவதும் போராடிப் பெற்ற மரியாதை ஒரு ஸ்டியரிங் விலைக்கு ஈடாகவில்லை. அதனால் 'ரெக்-இட் ரால்ஃப்' மோசமான படமாகிவிடாது. உழைப்பவனின் மதிப்பை டிஸ்னி இத்தனை நேர்மையாகப் பேசியது அரிது. நீதியை மட்டும் அது பாதி வழியில் நிறுத்திவிட்டது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் புல்டோசர் வரும் அந்தச் சில நொடிகளில் படத்தை நிறுத்தி, அந்த இடம் யாருடையது என்று அவர்களிடம் கேளுங்கள்.